வெட்டியவையும் ஒட்டியவையும்

1977ஆம் ஆண்டு. அமெரிக்காவின் லாங் ஐலண்டில் உள்ள கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுக்கூடம். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் லூயீஸ் சௌ ஒரு படத்தைப் பார்க்கிறார். சீனாவின் ஹூனான் மாகாணத்தில் பிறந்து, தைவானில் வளர்ந்து படித்து, கலிஃபோர்னியாவில் முனைவர் பட்டம் பெற்றவர். டி.என்.ஏ.வையும் ஆர்.என்.ஏ.வையும் நுண்ணோக்கியில் படமெடுத்து அளப்பதில் அவருடைய கை தேர்ந்த கை.

அவர் முன் இருந்தது, சளி பிடிக்க வைக்கும் அடினோ வைரஸின் டி.என்.ஏ. அதிலிருந்து படியெடுக்கப்பட்ட தூது ஆர்.என்.ஏ.வை அதன் மேலேயே பொருத்திப் பார்த்தார்கள். படி என்றால் மூலத்தோடு வரிக்கு வரி பொருந்த வேண்டும். அன்றைக்கு உலகம் அப்படித்தான் நம்பியது. ஆனால் தூது ஆர்.என்.ஏ.வின் முன்பகுதி மட்டும் டி.என்.ஏ.வில் தள்ளித் தள்ளி இருந்த மூன்று இடங்களில் போய் ஒட்டிக்கொண்டது. இடையில் இருந்த டி.என்.ஏ., ஜோடி கிடைக்காமல் வளையம் வளையமாகப் புடைத்துக்கொண்டு நின்றது.

இதன் பொருள் என்ன? ஒரு கடிதத்தின் நடுநடுவே சம்பந்தமில்லாத பத்திகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றை வெட்டி எறிந்துவிட்டு மீதியை ஒட்டினால்தான் சேதி புரியும். மரபணுவும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. முதலில் முழுதாகப் படியெடுக்கிறார்கள், பிறகு வேண்டாத துண்டுகளை வெட்டுகிறார்கள், வேண்டியவற்றை ஒட்டுகிறார்கள். வெட்டப்படும் துண்டுக்கு இன்ட்ரான் என்றும், தங்கும் துண்டுக்கு எக்ஸான் என்றும், இந்த வெட்டி ஒட்டும் வேலைக்கு ஸ்பிளைசிங் என்றும் பின்னர் பெயர் வந்தது.

அதே நேரத்தில் எம்.ஐ.டி.யிலும் இதையே கண்டுபிடித்திருந்தார்கள். அங்கே சோதனையை நடத்தியவர் சூசன் பெர்ஜெட். நுண்ணோக்கி வேலையில் உடனிருந்தவர் கிளேர் மூர் என்ற ஆய்வக உதவியாளர். ஆய்வகத் தலைவர் ஃபிலிப் ஷார்ப். 1977 ஆகஸ்டில் வந்த அவர்களுடைய கட்டுரையில் முதல் பெயர் பெர்ஜெட், இரண்டாவது மூர், மூன்றாவது ஷார்ப். கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் கட்டுரை செப்டம்பரில் வந்தது. அதில் முதல் பெயர் சௌ. பிறகு ரிச்சர்ட் கெலினாஸ், சௌவின் கணவர் தாமஸ் புரோக்கர், கடைசியாக ரிச்சர்ட் ராபர்ட்ஸ்.

1993இல் இந்தக் கண்டுபிடிப்புக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பெற்றவர்கள் ராபர்ட்ஸும் ஷார்ப்பும்.

ஒரு நோபல் பரிசை அதிகபட்சம் மூன்று பேர் பகிரலாம் என்பது விதி. அதனால் யாரையாவது விட்டுவிட வேண்டியிருந்தது என்று சொல்வது வழக்கம். அந்த ஆண்டு இரண்டு பேருக்குத்தான் கொடுத்தார்கள். மூன்றாவது நாற்காலி காலியாகவே இருந்தது. இரண்டு கட்டுரைகளிலும் முதல் பெயர் ஒரு பெண்ணுடையது என்பதை அந்த நாற்காலியின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இங்கே நியாயமாக இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். புரோக்கரும் கெலினாஸும் ஆண்கள், அவர்களுக்கும் கிடைக்கவில்லை. ஆய்வகத் தலைமைக்குப் புகழும் மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு உழைப்பும் என்று பிரிக்கும் வழக்கம் ஆண், பெண் இருபாலரையும் நசுக்குகிறது. ஆனால் அன்றைய ஆய்வகங்களில் தலைமை இடத்தில் பெரும்பாலும் யார் இருந்தார்கள், மேசையில் யார் இருந்தார்கள் என்று கேட்டால், இந்த வழக்கத்தின் சுமை யார் தோளில் அதிகம் இறங்கியது என்பது தெரிந்துவிடும். பெர்ஜெட் பின்னாளில் பேய்லர் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராகி, செல் எக்ஸானின் இரு எல்லைகளையும் சேர்த்தே அடையாளம் காண்கிறது என்ற முக்கியமான கருத்தை வளர்த்தார். மூர் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். சௌ 2012இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர்கள் அழிந்துபோகவில்லை. பாடப்புத்தகத்தின் பெட்டிச் செய்தியில் மட்டும் இல்லை.

*

வெட்டி ஒட்டுகிறது என்பது தெரிந்துவிட்டது. எங்கே வெட்ட வேண்டும் என்று செல்லுக்கு யார் சொல்கிறார்கள்?

இந்தக் கேள்விக்கு வழி காட்டியவர் ஜோன் ஸ்டைட்ஸ். 1960களில் ஹார்வர்டில் முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டி தேடிய காலத்தில், பெயர் பெற்ற ஒரு பேராசிரியரிடம் போய்க் கேட்டார். நீ பெண்ணாயிற்றே, கல்யாணமாகிக் குழந்தை பிறந்தால் இந்தப் படிப்பு என்ன ஆகும் என்ற பொருளில் பதில் வந்தது. அறையை விட்டு வெளியே வந்ததும் அழுதுவிட்டதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். பிறகு ஜேம்ஸ் வாட்சனின் ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கே சேர்ந்த முதல் பெண் மாணவி அவர்தான்.

அதன் பின் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்குப் போனபோது, கணவருக்கு அங்கே வேலை இருந்தது. இவருக்கு ஆய்வு மேசைகூட ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. நூலகத்தில் உட்கார்ந்து ஏதாவது படிக்கலாமே என்றார்கள். அவர் தனக்கென ஒரு மேசையைத் தேடிப் பிடித்தார். சுற்றியிருந்த ஆண்கள் ஆபத்தான வேலை என்று தொடாமல் விட்டிருந்த ஒரு கேள்வியை எடுத்தார்: ரைபோசோம் தூது ஆர்.என்.ஏ.வில் எந்த இடத்திலிருந்து படிக்கத் தொடங்குகிறது? 1969இல் விடையை வெளியிட்டார். அதே ஆய்வு நிறுவனத்தில், அதே ஆண்டுகளில், சிட்னி பிரென்னர் மண்ணில் வாழும் ஒரு மில்லிமீட்டர் உருளைப்புழுவை வளர்க்கத் தொடங்கியிருந்தார். அந்தப் புழுவுக்கும் ஸ்டைட்ஸுக்கும் பின்னாளில் தொடர்பு வரும்.

யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டைட்ஸும் அவருடைய மாணவர் மைக்கேல் லெர்னரும் கையில் எடுத்த கருவி, இயந்திரம் எதுவும் இல்லை; லூபஸ் நோயாளிகளின் இரத்தம். லூபஸ் என்பது உடல் தன்னைத்தானே தாக்கிக்கொள்ளும் நோய். பாதிக்கப்படுபவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். இந்த நோயாளிகளின் இரத்தத்தில், சொந்தச் செல்லின் உட்கருவில் இருக்கும் பொருட்களையே பிடிக்கும் எதிர்ப்பொருள்கள் உருவாகின்றன. அவற்றைத் தூண்டிலாகப் போட்டால் என்ன மாட்டும்? சின்னஞ்சிறு ஆர்.என்.ஏ.க்களும் அவற்றைச் சுற்றிய புரதங்களும் மாட்டின. 1979இல் இதை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு, அவற்றுள் யூ1 என்ற ஆர்.என்.ஏ.வின் நுனியில் உள்ள எழுத்துகள் இன்ட்ரான் தொடங்கும் இடத்து எழுத்துகளோடு ஜோடி சேரக்கூடியவை என்பதைச் சுட்டிக்காட்டி, வெட்டுமிடத்தை அடையாளம் காண்பது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று ஸ்டைட்ஸின் குழு எழுதியது. பின்னர் வந்த சோதனைகள் அதை உறுதிசெய்தன.

அந்தத் தூண்டிலில் மாட்டிய புரதங்களுக்கு எஸ்எம் புரதங்கள் என்று பெயர். உயிரியல் மாணவிகள் பலரும் ஏதோ வேதியியல் சுருக்கம் என்று நினைத்துப் படித்துவிட்டுப் போகிற பெயர் இது. இது ஒரு பெண்ணின் குடும்பப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகள். லூபஸால் அவதிப்பட்டு இளம் வயதிலேயே இறந்துபோன ஒரு நோயாளியின் இரத்தத்தில்தான், 1960களில் எங் டானும் ஹென்றி குங்கெலும் இந்த எதிர்ப்பொருளைக் கண்டார்கள். ஈஸ்ட்டிலும் செடியிலும் புழுவிலும் மனிதரிலும், உட்கரு உள்ள உயிரிகளின் செல்களில் ஸ்பிளைசிங் நடக்கும்போதெல்லாம் எஸ்எம் புரதங்கள் வேலை செய்கின்றன. அறிவியலில் பெண்களின் பங்கு என்று பட்டியல் போடும்போது நாம் ஆய்வாளர்களை மட்டும் எண்ணுகிறோம். ஊசிக்குக் கை நீட்டியவர்களை எங்கே வைப்பது?

*

இப்போது புழு. அதன் பெயர் சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ். உடல் கண்ணாடி போல ஒளி ஊடுருவும். மூன்று நாளில் முட்டையிலிருந்து முழுப்புழுவாகிவிடும். மனிதரைப் போலவே சுமார் இருபதாயிரம் புரத மரபணுக்கள். ஆனால் அதன் இன்ட்ரான்கள் மிகக் குட்டையானவை. ஐம்பது எழுத்துக்குள் முடிந்துவிடுபவை ஏராளம். மனித இன்ட்ரான்களோ ஆயிரக்கணக்கான எழுத்து நீளம் போகும். இன்ட்ரானின் முடிவைக் காட்ட மனிதச் செல்லுக்குப் பல சிறு அடையாளங்கள் சேர்ந்து தேவைப்படுகின்றன. புழுவுக்குக் கடைசி ஏழு எழுத்துகளே பெரும்பாலும் போதும்: யூ, யூ, யூ, யூ, சி, ஏ, ஜி. சின்னக் கடிதம், தெளிவான கையெழுத்து. ஸ்பிளைசிங்கைப் படிக்க விரும்புவோருக்குப் புழு நல்ல பள்ளிக்கூடம்.

1987இல் மைக்கேல் கிராஸ், டேவிட் ஹிர்ஷ் இருவரும் புழுவில் ஒரு புதுமையைக் கண்டார்கள். ஆக்டின் புரதத்துக்கான தூது ஆர்.என்.ஏ.க்களின் தலைப்பில் 22 எழுத்துகள் இருந்தன. அந்த எழுத்துகள் அந்த மரபணுக்களில் இல்லவே இல்லை. வேறெங்கோ உள்ள ஒரு மரபணுவிலிருந்து வந்த சிறு ஆர்.என்.ஏ., தன் தலையைக் கொடுத்து இன்னொன்றோடு ஒட்டவைத்திருக்கிறது. இப்படி இரண்டு தனித்தனி ஆர்.என்.ஏ.க்களைச் சேர்ப்பதற்கு டிரான்ஸ் ஸ்பிளைசிங் என்று பெயர். இந்தப் புழுவின் தூது ஆர்.என்.ஏ.க்களில் பெரும்பாலானவை இப்படி ஒட்டுத்தலை வாங்கியவைதான்.

தலை கொடுக்கும் அந்த ஆர்.என்.ஏ. நூறு எழுத்துச் சொச்சம் நீளமுள்ளது. அது கயிறு போல நீண்டு கிடப்பதில்லை. தனக்குள்ளேயே ஜோடி சேர்ந்து, கொண்டை ஊசி போல மூன்று மடிப்புகளாக நிற்கிறது. முதல் மடிப்பில், வெட்டப்பட வேண்டிய இடம் தன் சொந்த எழுத்துகளோடேயே ஜோடி சேர்ந்திருக்கிறது. மற்ற இன்ட்ரான்களில் யூ1 வெளியிலிருந்து வந்து செய்வதை ஒத்த ஜோடி இது. ஆக, எழுத்து மட்டும் முக்கியமில்லை. எழுத்து எப்படி மடிந்திருக்கிறது என்பதும் முக்கியம். 1988இல் ஸ்டைட்ஸின் குழுவும் ஹிர்ஷின் குழுவும் சேர்ந்து, இந்தப் புழு ஆர்.என்.ஏ.வின் மேலும் எஸ்எம் புரதங்கள் உட்கார்ந்திருக்கின்றன என்று காட்டினார்கள். தாமஸ் புளூமெந்தாலின் குழுவும் அதே ஆண்டில் அதையே காட்டியது. நியூயார்க்கில் இறந்துபோன அந்த இளம்பெண்ணின் பெயரெழுத்துகள் மண்புழுதியில் நெளியும் உயிரிவரை வந்து சேர்ந்தன.

*

இந்தப் புழுவில் இரண்டு பால் உண்டு. ஆனால் நாம் நினைக்கும் இரண்டு இல்லை. ஒன்று ஆண். இன்னொன்று இருபால் உயிரி: உடல் பெண்ணுடல், அது முதலில் கொஞ்சம் விந்தணுக்களைச் செய்து சேமித்துவைத்துக்கொண்டு, பிறகு வாழ்நாள் முழுதும் கருமுட்டைகளைச் செய்கிறது. துணையே இல்லாமல் சுமார் முன்னூறு குஞ்சுகளைப் பெற்றுவிடும். ஆண்கள் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு பிறந்தால் உண்டு. இரண்டு எக்ஸ் குரோமோசோம் இருந்தால் இருபால் உயிரி, ஒரே ஒரு எக்ஸ் இருந்தால் ஆண். ஒய் குரோமோசோம் கிடையாது.

ஒன்றா இரண்டா என்று செல் எப்படி எண்ணுகிறது? 1988இல் லீலானி மில்லரும் பார்பரா மேயர் குழுவினரும், ஆணாக்கும் முதன்மை விசை ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் ஸோல்-1. அது வேலை செய்தால் ஆண். அடங்கியிருந்தால் இருபால் உயிரி. இதில் தவறு நேர்ந்தால் பால் மாறுவதோடு நிற்காது, உயிரே போய்விடும். ஏனென்றால் எக்ஸ் மரபணுக்களின் உற்பத்தியைச் சரிக்கட்டும் ஏற்பாடும் இதே விசையின் கையில் இருக்கிறது.

1994இல் ஜோனதன் ஹாட்ஜ்கின், ஜேன் ஸெல்லன், டோனா ஆல்பர்ட்சன் மூவரும் எக்ஸ் குரோமோசோமிலேயே இருக்கும் ஒரு மரபணுவை அடையாளம் கண்டார்கள். எக்ஸ் மேலிருந்து பெண்மையாக்குவது என்ற பொருளில் அதற்கு ஃபாக்ஸ்-1 என்று பெயர் வைத்தார்கள். பெண்மையாக்குவது என்றதும் ஹார்மோனோ, ஏதோ மென்மையோ என்று கற்பனை ஓடலாம். ஃபாக்ஸ்-1 செய்வது ஸ்பிளைசிங் வேலை. அது ஆர்.என்.ஏ.வைப் பிடித்துக்கொள்ளும் புரதம்.

பெர்க்லியில் மேயரின் ஆய்வகம் 2020இல் இதை எழுத்து எழுத்தாகப் பிரித்துக் காட்டியது. ஸோல்-1இன் ஓர் இன்ட்ரானுக்குள், ஜி-சி-ஏ-யூ-ஜி, ஜி-சி-ஏ-சி-ஜி என்ற இரண்டு ஐந்தெழுத்துக் குறிகள் பல இடங்களில் இருக்கின்றன. ஃபாக்ஸ்-1 அவற்றில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிக்கொண்டால், வெட்டப்பட வேண்டிய இன்ட்ரான் வெட்டப்படாமல் தங்கிவிடுகிறது. அல்லது வெட்டு தவறான இடத்தில் விழுந்து, வேண்டிய துண்டிலேயே ஒரு பகுதி போய்விடுகிறது. எப்படியானாலும் ஆணாக்கும் புரதம் உருவாவதில்லை. எக்ஸ் இரண்டு இருந்தால் ஃபாக்ஸ்-1 இரண்டு மடங்கு. அந்த அளவு இந்த வேலைக்குப் போதும். ஒரே எக்ஸ் என்றால் பாதிதான், போதாது. குறிகளில் சிலவற்றை மட்டும் மாற்றினால் தடை கொஞ்சம் தளர்கிறது. எல்லாவற்றையும் மாற்றினால் தடையே இல்லை. ஜி-சி-ஏ-யூ-ஜி என்பதன் நடுவெழுத்தை யூ என்று மாற்றினாலே பிடி நழுவிவிடுகிறது.

ஸோல்-1ஐ அடக்க ஃபாக்ஸ்-1 மட்டும் இல்லை. செக்ஸ்-1 என்ற இன்னொரு எக்ஸ் மரபணு, படியெடுக்கும் நிலையிலேயே அதைத் தடுக்கிறது. தப்பி வரும் படிகளை ஃபாக்ஸ்-1 கெடுக்கிறது. ஒரு கதவுக்கு இரண்டு பூட்டு.

*

இதில் நமக்கு என்ன இருக்கிறது?

பால் நிர்ணயத்தைப் பற்றி நீண்ட காலம் ஒரு கதை சொல்லப்பட்டது. ஆண் என்பது ஒரு விசை போட்டு உருவாக்கப்படுவது. விசை போடாவிட்டால் தானாக விளைவது பெண். 1940களில் அல்ஃபிரெட் ஜோஸ்ட் முயல் கருக்களில் செய்த சோதனைகள், விதைப்பையும் அதன் ஹார்மோனும் இல்லாதபோது உடல் பெண்ணுடலாக வளர்வதைக் காட்டின. சோதனை சரியானது. அதைச் சொன்ன விதத்தில் காலப்போக்கில் வேறொன்று புகுந்தது. செய்யப்படுவது ஆண், மிச்சமிருப்பது பெண் என்றானது. விதைப்பை உருவாவதை ஆராய ஆய்வகங்கள் முண்டியடித்தன. சூல்பை தானாக வருவதுதானே, அதில் ஆராய என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள்.

1986இல் ஈவா ஐக்கரும் லிண்டா வாஷ்பர்னும் இதைச் சுட்டிக்காட்டி எழுதினார்கள். சூல்பை உருவாவதும் மரபணுக்கள் முனைந்து செய்யும் வேலைதான். அதை யாரும் தேடவில்லை என்பதால் அது இல்லை என்றாகிவிடாது என்பது அவர்கள் வாதம். 2009இல் எலிகளில், ஃபாக்ஸ்எல்2 என்ற மரபணுவை வளர்ந்த சூல்பையிலிருந்து நீக்கியபோது, அதன் செல்கள் விதைப்பைச் செல்களின் தன்மையை எடுக்கத் தொடங்கின. (பெயர் ஒத்திருந்தாலும் இது புழுவின் ஃபாக்ஸ்-1க்கு உறவில்லை.) சூல்பை சூல்பையாக நீடிப்பதற்கே தினசரி உழைப்பு தேவைப்படுகிறது.

புழுவும் தன் வழியில் இதையே சொல்கிறது. ஸோல்-1 அடங்கியிருப்பது சும்மா இருப்பதால் நேர்வதில்லை. இரண்டு எக்ஸிலிருந்தும் புரதங்கள் கிளம்பி, ஒன்று படியெடுப்பதைத் தடுத்து, இன்னொன்று தப்பிய படிகளின் குறிகளைத் தேடிப் பிடித்து ஸ்பிளைசிங்கை மாற்றி, அப்படி நிகழ்த்தப்படுகிற ஒன்று அது. வீட்டில் நடக்கும் வேலை வெளியே தெரியாது. அதனால் வேலையே நடக்கவில்லை என்று கணக்கெழுதுவார்கள். இந்தக் கணக்கு நமக்குப் பழக்கமானது. உயிரியலிலும் அதே கணக்குப்பிள்ளைதான் உட்கார்ந்திருந்தார்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். புழுவிடமிருந்து நமக்குச் சமூக நீதி கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. இருபால் உயிரிகள் நிறைந்த ஓர் இனத்தைக் காட்டி, பார்த்தீர்களா இயற்கையே இப்படித்தான் என்று நாம் வாதாடத் தொடங்கினால், நாளைக்கு இன்னொருவர் சிங்கத்தையோ வாத்தையோ காட்டி எதிர்வாதம் செய்வார். மனிதரின் பால் நிர்ணயத்தில் ஒய் குரோமோசோம் வருகிறது, வேறு மரபணுக்கள் வருகின்றன, பாதையே வேறு. பெண்ணின் உரிமையும் திருநர், இடைப்பாலினர் உரிமையும் எந்த விலங்கின் சாட்சியத்தையும் நம்பி நிற்கவில்லை. புழு நமக்குக் கற்றுத்தருவது வேறு: ஆராய்ச்சிக் கேள்வி எப்படிக் கேட்கப்படுகிறது என்பதிலேயே யாருடைய உழைப்பு கண்ணுக்குத் தெரியும், யாருடையது தெரியாது என்பது பாதி முடிவாகிவிடுகிறது.

ஃபாக்ஸ்-1 என்ற பெயருக்கு ஒரு பின்கதை உண்டு. அதே குடும்பப் புரதங்கள் மீனிலும் எலியிலும் மனிதரிலும் கிடைத்தன. அவையும் ஜி-சி-ஏ-யூ-ஜி என்ற குறியைத்தான் பிடிக்கின்றன. மனிதரில் மூன்று வகை. அவை முக்கியமாக மூளை, இதயம், தசை ஆகியவற்றில் ஸ்பிளைசிங்கை நெறிப்படுத்துகின்றன. மூளைத் திசுவில் நரம்பு செல்களை அடையாளம் காண ஆய்வகங்களும் மருத்துவமனைகளும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவந்த நியூஎன் என்ற அடையாளப் புரதம், இந்தக் குடும்பத்தின் மூன்றாவது உறுப்பினர்தான் என்று 2009இல் தெரியவந்தது. பெண்மையாக்குவது என்று புழுவில் பெயர் பெற்ற மரபணுவின் உறவினர், ஆண் பெண் வேறுபாடின்றி எல்லோர் மூளையிலும் உட்கார்ந்து வேலை செய்கிறது.

இந்தப் புழுவில் நடந்த ஆய்வுகள் இதுவரை நான்கு முறை நோபல் பரிசைத் தொட்டிருக்கின்றன: 2002, 2006, 2008, 2024. புழு ஆய்வுக்காக அவற்றைப் பெற்ற எல்லோரும் ஆண்கள். 2024இல் விக்டர் ஆம்ப்ராஸுக்குப் பரிசு பெற்றுத்தந்த 1993ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதல் பெயர் அவருடைய மனைவி ரோசலிண்ட் லீ. இரண்டாவது பெயர் ரோண்டா ஃபெய்ன்பாம். 1977இன் இரண்டு கட்டுரைகளைப் பார்த்த கண்ணுக்கு இந்த வரிசை பழகியதாகவே இருக்கும்.

கல்லூரியில் படிக்கும் தங்கைகளுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பாடத்தில் ஒரு கண்டுபிடிப்பு வந்தால், அதன் மூலக் கட்டுரையின் முதல் பக்கத்தைத் தேடி எடுங்கள். இணையத்தில் பெரும்பாலும் கிடைக்கும். முழுவதும் புரியாவிட்டாலும் பரவாயில்லை. தலைப்புக்குக் கீழே உள்ள பெயர்களைப் படியுங்கள். பிறகு கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லியிருக்கும் சிறு எழுத்துப் பத்தியைப் படியுங்கள்; நுண்ணோக்கியைப் பிடித்தவர், புழுவை வளர்த்தவர், இரத்தம் கொடுத்தவர் என்று அங்கே யாராவது இருப்பார்கள். தேர்வில் யாரும் கேட்க மாட்டார்கள். உங்கள் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.